இரண்டாவது வரிசை, இடது ஓரம்

டைட்டில் ஓடத் தொடங்கியதுமே அம்பலவாணனுக்குத் தான் செய்துவைத்திருப்பது எப்பேர்ப்பட்ட மடத்தனம் என்று புரிந்துவிட்டது. வாரம் முழுக்கத் தூங்காமல் புரண்டு, இதே படத்தையே மறுபடியும் போட்டுவிடுவது, போன வாரம் நடந்ததை இந்த வாரம் அழித்து எழுதிவிடுவது என்று முடிவுக்கு வந்த மனுஷருக்கு, படத்தைப் போடுகிறவன் வாயைத் திறக்கக் கூடாது என்ற சட்டம் மட்டும் எப்படியோ ஞாபகத்திலிருந்து நழுவியிருந்தது. சட்டம் ஒன்றும் புதிதல்ல. ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் வளசரவாக்கத்தில் குலசேகரன் வீட்டு ஹாலில் நாலு பேர் கூடுகிறார்கள். வாரத்துக்கு ஒருவர் முறை, புதுசோ பழசோ அவர் இஷ்டம். ஆனால் போட்டவர் படம் ஓடும்போதும் சரி, முடிந்து மற்றவர்கள் கருத்துச் சொல்லும்போதும் சரி, மூச்சு விடக் கூடாது. எல்லோரும் கிழித்துத் தொங்கவிட்ட பிறகு, கடைசியாக, ஏன் போட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம். கணக்குப் பேராசிரியராக இருந்து ஓய்வுபெற்ற குலசேகரன் போட்ட சட்டம் அது. போட்டவனே வக்கீல் மாதிரி வாதாட ஆரம்பித்தால் மற்றவர்கள் முகத்துக்காக நல்லது சொல்வார்கள், உண்மை வெளியே வராது என்பார். அந்தச் சட்டத்தால் அதிகம் ஆதாயம் அடைந்தது யார் என்று பார்த்தால் அம்பலவாணன்தான். மறுத்துப் பேச ஆளில்லாத சபையில் அவர் நாக்கு சும்மா சுழன்று விளையாடும். இப்போது அதே நாக்கு உள்ளே மடங்கிக் கிடக்கிறது, அந்தப் பாட்டு வரப்போகிறது, இடைவேளைக்குப் பிறகு வரப்போகிறது, அதைப் பார்த்து மற்றவர்கள் சிரிக்கப்போகிறார்கள், அதுவும் அவரே சொல்லிக்கொடுத்த சிரிப்பை. வேகமாக ஓட்டித் தாண்டிவிடவும் முடியாது. பாட்டை ஓட்டக் கூடாது என்பது இன்னொரு சட்டம்.

"என்ன சார், போன வாரம் பாத்த படத்தையே போடுறீங்க? பென் டிரைவ் மாறிப்போச்சா?" என்று ஞானசிகாமணி கேட்டபோதே சுதாரித்திருக்க வேண்டும். ஞானசிகாமணி மின்வாரியத்தில் இருந்தவர், சிரிப்பதற்கென்றே ஞாயிற்றுக்கிழமையை எதிர்பார்க்கிற ஆத்மா. ஆமாம், மாறிப்போச்சு என்று சொல்லி வேறு எதையாவது போட்டிருக்கலாம். அம்பலவாணனோ உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டார். மெஹருன்னிசா டீச்சர், "போட்டவர் இஷ்டம், நாம கேக்கக் கூடாது" என்று புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு சோபாவில் சாய்ந்தார். திரையில் படத்தின் பெயர் வந்தபோது குலசேகரன் கை ரிமோட்டைத் தேடியது, பிறகு மடியிலேயே தங்கிவிட்டது. அதை அம்பலவாணன் பார்த்தார். பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பினார். இந்த ஒரு வாரமாக அவருக்கு எல்லாமே பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி இருக்கிற வேலையாகத்தான் இருக்கிறது. வழக்கமாகப் படத்துக்கு முன்னால், இந்த வாரம் தியேட்டரில் என்ன, போனில் என்ன என்று ஒரு சுற்றுப் பேச்சு நடக்கும். இன்றும் நடந்தது. புதிதாக வந்திருக்கும் போலீஸ் படத்தை ஞானசிகாமணி பிடித்துக்கொண்டார். "சுட்டுக்கிட்டே இருக்கான் சார். துப்பாக்கில குண்டும் தீரல, எதிரியும் தீரல, நமக்குப் பாப்கார்ன்தான் தீந்துபோச்சு." டீச்சர் தன் பேத்தியின் போனில் பார்த்த ஒரு சின்னப் படத்தைச் சொன்னார். அம்மாவும் மகளும் ஒரு வீட்டைக் காலி செய்கிறார்களாம், அவ்வளவுதான் கதையாம். "ஒண்ணுமே நடக்கல. ஆனா எந்திரிச்சுப்போய் ரசத்த எறக்க மனசு வரல, பொங்கி வழிஞ்சிருச்சு." எல்லோரும் அம்பலவாணனைப் பார்த்தார்கள். அந்தப் போலீஸ் படத்தை அவரும் பார்த்திருந்தார். ஆனால் கதாநாயகன் முகம்கூட அவருக்கு நினைவில்லை. திருவிழாப் பாட்டில் பின்னால் ஆடிய பெண்களின் கடைசி வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருத்தி ஓரத்தில், தோளில் பட்டை நழுவ, ஒரு கையால் அதைச் சரிசெய்துகொண்டே இன்னொரு கையால் ஆடினாள். இவளுக்கும் வீட்டில் புருஷனோ அம்மாவோ இருப்பார்கள், இதோ நீ என்று திரையைத் தொட்டுக் காட்டுவார்கள் என்று நினைத்துக்கொண்டார். "பரவால்ல" என்றார். "அவ்வளவுதானா?" என்றார் ஞானசிகாமணி, இலையில் பாயசம் விழாமல் பந்தி முடிந்த ஏமாற்றத்தோடு.

அவ்வளவுதான். போன வாரமும் அவ்வளவோடு நின்றிருந்தால் என்ன குறைந்திருக்கும்? குலசேகரன் முறை அது. இந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை எங்கேயோ தேடிப் பிடித்து வந்திருந்தார். போடும்போதே முகத்தில் ஒரு பளபளப்பு, புதுச் சட்டை வேறு. படம் அப்படியொன்றும் பிரமாதமில்லை. பண்ணையார் மகள், மாறுவேடத்தில் வரும் மாப்பிள்ளை, இரண்டு கொலை முயற்சி. நடுவில் ஒரு அறுவடைப் பாட்டு. கதாநாயகி முன்னால் ஆட, பின்னால் மூன்று வரிசையில் பெண்கள். இரண்டாவது வரிசையில் இடது ஓரத்தில் ஒருத்தி, கொஞ்சம் பூசின உடம்பு, எல்லோரும் கையை இறக்கும்போது அவள் தூக்கினாள். அம்பலவாணன் கண்ணுக்கு அது தப்புமா? படம் முடிந்து அவர் சுற்று வந்ததும் எழுந்து நின்றார். நாற்காலியில் கிடந்த துண்டை எடுத்துத் தாவணியாகப் போட்டுக்கொண்டார். கன்னத்தை உப்பிக்கொண்டு, ஒரு கையை மேலே நீட்டி, தொம் தொம் என்று குதித்தார். "எல்லாரும் கதிர் அறுக்கிறாங்க, இந்தம்மா மட்டும் பஸ்ஸ நிறுத்துது. ஹோல்டான், ஹோல்டான்! அரிசி மூட்டைக்குப் பாவாடை கட்டி அனுப்பியிருக்கான் பாருங்க, கேமராமேன் மூட்டை நகருதேன்னு பயந்துபோய்ப் பக்கத்துல கொண்டுபோகவே இல்ல!" ஞானசிகாமணி சோபாவிலிருந்து வழுக்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். இன்னொரு தடவை என்றார்கள், இன்னொரு தடவை ஆடினார். திரும்பினால், சமையலறை வாசலில் பஜ்ஜித் தட்டோடு ரமாமணி நின்றிருந்தாள், குலசேகரனின் மனைவி. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. தட்டை வைத்துவிட்டு, "சட்னி காரமா இருந்தா சொல்லுங்கண்ணே" என்றாள். கடைசியாகக் குலசேகரன் முறை. ஏன் இந்தப் படத்தைப் போட்டேன் என்று அவர் சொல்ல வேண்டும். தொண்டையைச் செருமினார். கையிலிருந்த பஜ்ஜியைப் பார்த்தார். "சும்மா... பாட்டு நல்லா இருக்கும்னு போட்டேன்" என்றார்.

படிக்கிற கண்ணாடியை மறக்காமல் இருந்திருந்தால் இது எதுவும் அம்பலவாணனுக்குத் தெரிந்திருக்கப்போவதில்லை. நிம்மதியாக வீட்டுக்குப் போய், மனைவி கோதையிடம் அந்த அரிசி மூட்டையை இன்னொரு தடவை ஆடிக் காட்டிவிட்டுத் தூங்கியிருப்பார். கீழே தெருமுனை வரைக்கும் போனவர் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். வாசல் கம்பிக் கேட்டைத் திறந்தபோது அது வழக்கம்போலக் கிரீச்சென்றது. கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே அதே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நின்றது. மறுபடி ஓடி, அதே இடத்தில் நின்றது. குலசேகரன், கணக்குப் பேராசிரியர், தரையில் டிவிக்குப் பக்கத்தில் குழந்தை மாதிரி உட்கார்ந்து, இடது ஓரத்தில் விரலை வைத்திருந்தார். "இதோ நீ. பாரேன், இதோ." ரமாமணி எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். "எங்கம்மா இருந்த வரைக்கும் நீ டான்ஸ் ஆடின கதைய வாயில எடுக்க முடியல. இப்ப யாரு கேக்கப்போறா? நம்ம சிநேகிதங்ககிட்டயாவது சொல்லலாம், கடைசியில என் முறை வரும்போது உன்னக் கூப்பிட்டு நிறுத்தி, இவதான்னு சொல்லலாம்னு இருந்தேன்." "சொல்லாததே நல்லதாப் போச்சு" என்றாள் அவள். "அவ்வளவு சிரிச்சதுக்கப்புறம் சொல்லியிருந்தா, பாவம், அந்த அண்ணன் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சுக்குவாரு? விடுங்க. தட்டக் கழுவணும்." அம்பலவாணன் கண்ணாடியை எடுக்காமலே திரும்பினார். கேட்டைச் சாத்தவில்லை. சாத்தினால் மறுபடி சத்தம் வரும். திறந்தபோது வந்த சத்தம் அவர்களுக்குக் கேட்டதா இல்லையா என்பதுதான் அன்றிலிருந்து அவரைக் குடைகிறது. கேட்டிருந்தால் யாரென்று பார்த்திருப்பார்கள். பார்க்கவில்லையே. பாட்டுச் சத்தத்தில் கேட்டிருக்காது. ஆனால் பாட்டு அப்போது நின்றிருந்ததா ஓடிக்கொண்டிருந்ததா? இன்று வந்ததும் ரமாமணி கண்ணாடிக் கூட்டை எடுத்து நீட்டினாள். "போன வாரம் மறந்துட்டுப் போயிட்டீங்கண்ணே. திரும்பி வருவீங்கன்னு பாத்தேன்." திரும்பி வருவீங்கன்னு பாத்தேன். இதில் ஒன்றுமில்லை, யாரும் சொல்கிற வார்த்தைதான். இருந்தாலும் அந்தக் கண்ணாடியை மாட்டிக்கொள்ள அவருக்குக் கை வரவில்லை, பைக்குள்ளேயே கிடக்கிறது.

திரையில் பண்ணையார் மீசையை முறுக்கிக்கொண்டிருந்தார். அம்பலவாணனுக்கு இந்தப் படம் முதல் தடவை வந்தபோதே தெரியும் என்பது வாரத்தின் நடுவில், குளித்துக்கொண்டிருக்கும்போது, திடீரென்று வந்து விழுந்த ஞாபகம். திருநெல்வேலியில், கல்லூரியில் சேர்ந்த புதிதில், வகுப்புக்கு மட்டம்போட்டுவிட்டுப் பெஞ்சு டிக்கெட்டில் பார்த்தார். மூட்டைப்பூச்சி, பீடிப் புகை, முறுக்கு விற்கிறவன் குறுக்கே போகிற நிழல். அறுவடைப் பாட்டுக்கு விசில் அடித்தார்கள், அவரும் அடித்தார், நாக்கை மடித்து விரலை வைத்து அடிக்க அப்போதுதான் கற்றிருந்தார். யாருக்கு அடித்தார்? கதாநாயகிக்கு அடிக்கவில்லை, கதாநாயகி அவருக்கு எட்டாத உயரம். பின்னால் ஆடிய பெண்களுக்குத்தான் அடித்தார். அவர்கள்தான் பக்கத்துத் தெருப் பெண்கள் மாதிரி இருந்தார்கள். அவர்களில் ஒருத்தியை, ஓரத்தில் கன்னம் உப்பின ஒருத்தியை, அந்த வயதில் அவர் பார்த்திருப்பார், நிச்சயம் பார்த்திருப்பார், நன்றாக இருக்கிறாளே என்றுகூட நினைத்திருப்பார். குலசேகரன் அவளைப் பார்ப்பதற்கு முந்தியே பார்த்திருக்கிறார். இதை நினைத்ததும் குளியலறையில் தனியாக நின்றவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்று விசில், இன்று அரிசி மூட்டை. இரண்டுக்கும் நடுவில் அந்தப் பெண்ணின் முகத்தை ஒரு தடவையாவது ஒழுங்காகப் பார்த்தாரா? இந்த வீட்டுக்கு வந்துபோக ஆரம்பித்து எத்தனையோ வருஷம், தங்கச்சி காபி, தங்கச்சி தண்ணி என்று கேட்டு வாங்கிக் குடித்தாகிவிட்டது. ரமாமணிக்குக் கன்னத்தில் மச்சம் இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது. டீச்சர் படம் பார்ப்பார், அது அவர் உரிமை. ரமாமணியும் உட்கார்ந்து பார்க்கட்டுமே என்று யாருக்கும் ஒரு நாளும் தோன்றியதில்லை. தோன்றியிருந்தால் அவளுக்கும் ஒரு முறை வந்திருக்கும், அவளும் ஒரு படம் போட்டிருப்பாள், என்ன படம் போட்டிருப்பாள்? கோதையிடம் சொல்லிவிடலாம் என்று ஒரு ராத்திரி வாயெடுத்தார். "என்ன?" என்றாள். "ஒண்ணுமில்ல, வாயு" என்று திரும்பிப் படுத்தார். தனியாக ரமாமணியைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிடலாம். கேட்டால், ஒளிந்து நின்று கேட்டதையும் சொல்ல வேண்டும், அவள் மறைத்துவைத்ததைத் தெரிந்துகொண்டேன் என்றும் சொல்ல வேண்டும், அவள் யாருக்காகப் பேசாமல் இருந்தாளோ அந்த மூஞ்சியையே கொண்டுபோய் அவளுக்கு முன்னால் காட்ட வேண்டும். ஆகவேதான் இந்த யோசனை. மறுபடி படத்தைப் போடுவது, அந்தப் பெண் நன்றாக ஆடுகிறாள், போன வாரம் அவசரப்பட்டுவிட்டேன் என்று பொதுவாகச் சொல்லிவிடுவது. கேட்க எவ்வளவு அழகாக இருந்தது. படுக்கையில் யோசிக்கிறபோது எல்லாமே அழகாகத்தான் இருக்கிறது.

இடைவேளை என்று எழுத்து வந்தது. பழைய படம் என்றால் இங்கே இடைவேளையும் உண்டு, காபியும் உண்டு. ரமாமணி மசால்வடையும் காபியும் கொண்டுவந்தாள். "அண்ணே, இன்னிக்கு வாயே திறக்கல, சட்டமா?" என்று சிரித்தாள். சிரிப்பு சாதாரணமாகத்தான் இருந்தது. அம்பலவாணன் முதல் தடவையாகக் கன்னத்தைப் பார்த்தார். மச்சம் இல்லை. சிரித்தால் ஒரு பக்கம் மட்டும் குழிந்தது. "இனிமேதானே உங்க ஆளு வருவாங்க" என்று ஞானசிகாமணி வடையை மென்றுகொண்டே கண்ணடித்தார். நெஞ்சுவலி வந்ததாக நடித்தால் என்ன? ஆம்புலன்ஸ், கோதைக்குப் போன், ஈசிஜி. அந்த அளவுக்குத் துணிச்சல் இருந்தால் உண்மையையே சொல்லிவிடலாமே. காபி நாக்கைச் சுட்டது, சுடட்டும் என்று விழுங்கினார். எல்லோருக்கும் கொடுத்துவிட்டு ரமாமணி உள்ளே போவாள் என்று பார்த்தால், சாப்பாட்டு மேஜையிலிருந்து ஒரு நாற்காலியை இழுத்துவந்து, சமையலறை வாசலுக்கு நேராகப் போட்டு, உட்கார்ந்துவிட்டாள். "வேல முடிஞ்சிருச்சு. நானும் பாக்குறேன்." குலசேகரன் திரும்பிப் பார்த்தார். "உக்காரு உக்காரு" என்றார் டீச்சர்.

பாட்டு வந்தது. அம்பலவாணன் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார், படிக்கிற கண்ணாடி, மாட்டியதும் திரை முழுக்கக் கலங்கிப்போயிற்று, கழற்றினார். இரண்டாவது வரிசை, இடது ஓரம். சின்னப் பெண். முன்னால் நிற்கிறவளின் காலையே பார்த்துக்கொண்டு ஆடினாள். பிந்தித்தான் ஆடினாள். அதுதான் அம்பலவாணனை இன்னும் கஷ்டப்படுத்தியது. போன வாரம் சொன்னது பொய்யாக இருந்திருந்தால் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஒரு தாளம் பிந்தித்தான் இருந்தது, உடம்பும் பூசினாற்போலத்தான் இருந்தது, மொத்தத்தில் கருத்து சரிதான், சரியான கருத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஒரு சுற்று சுற்றி வந்தபோது அந்தப் பெண் எண்ணிக்கையை மறந்துபோய்க் கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். ஒரு பக்கம் குழிந்தது. போன வாரம் அது கண்ணில் படவே இல்லை. "வந்தாச்சு! ஹோல்டான், ஹோல்டான்!" என்று ஞானசிகாமணி கையைத் தூக்கினார். டீச்சர் சிரித்தார். அம்பலவாணன் வாயைத் திறந்தார். "சார்! சட்டம்! போட்டவர் பேசக் கூடாது!" என்று ஞானசிகாமணி விரலை ஆட்டினார். சட்டமாவது மண்ணாவது என்று கத்தியிருக்கலாம். கத்தவில்லை. சட்டம் இருக்கிறதே என்று உள்ளுக்குள் எங்கேயோ ஒரு சின்ன நிம்மதிகூட எட்டிப் பார்த்தது, அதை அவரே பார்த்துவிட்டார், தன்மேல் அவருக்கு அருவருப்பாக இருந்தது. ரமாமணி பக்கம் திரும்பவில்லை. அவள் மூச்சு விடுகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். மின்விசிறிச் சத்தம்தான் கேட்டது.

படம் முடிந்து விளக்கைப் போட்டார்கள். ஞானசிகாமணி, போன வாரம் சொன்னதையே இந்த வாரமும் சொல்ல வெட்கமில்லை, அரிசி மூட்டைக்காக இன்னொரு தடவையும் பார்க்கலாம் என்றார். டீச்சர், "போன வாரம் சிரிச்ச சிரிப்புல பாதிப் படத்த விட்டிருக்கேன், அந்த அம்மா வேஷம் போட்டவங்க எவ்வளவு நல்லா நடிச்சிருக்காங்க" என்றார். குலசேகரன், "பாட்டு நல்லா இருக்கு" என்றார், அதோடு நிறுத்திக்கொண்டார். எல்லோரும் அம்பலவாணனைப் பார்த்தார்கள். ஒரு வாரமாக உருப்போட்ட வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது. அந்த இரண்டாவது வரிசைப் பெண் ரொம்ப நன்றாக ஆடுகிறாள். சொன்னால் ஞானசிகாமணி வெடித்துச் சிரிப்பார், இது அடுத்த ஜோக் என்று நினைப்பார். ஏன் என்று டீச்சர் கேட்பார். பொய் என்று ரமாமணிக்குத் தெரியும், பிந்தி ஆடினவளுக்குத் தெரியாதா பிந்தியது? "நான் இந்தப் படத்த எதுக்குப் போட்டேன்னா..." என்று ஆரம்பித்தார்.

"அண்ணே" என்றாள் ரமாமணி, நாற்காலியிலிருந்து எழாமல். "அதுக்கு முன்னாடி ஒண்ணு. போன வாரம் ஆடிக் காட்டினீங்களே, நான் பஜ்ஜி சட்டியப் பாத்துக்கிட்டு இருந்ததுல சரியாப் பாக்கல. எனக்கும் ஒரு தடவ காட்டுங்களேன்."

"ஆஹா!" என்று ஞானசிகாமணி துண்டை எடுத்து வீசினார். அது அம்பலவாணன் மடியில் வந்து விழுந்தது. "ரமா, விடு" என்றார் குலசேகரன், மெதுவாக. அவள் அவரைப் பார்க்கவில்லை. கோபமா என்று அம்பலவாணன் அவள் முகத்தில் தேடினார். கோபம் இல்லை. விளையாட்டா? அதுவும் இல்லை. பொறுமையாகக் காத்துக்கொண்டிருக்கிற முகம், எந்த முகத்தையும் இந்த வீட்டில் அவர் இவ்வளவு நேரம் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரியும். கேட் சத்தம் கேட்டிருக்கிறது. அவர் எழுந்தார். துண்டை நாற்காலியிலேயே போட்டுவிட்டு, ஹாலுக்கு நடுவில், டிவிக்கு முன்னால் போய் நின்றார். கன்னத்தை உப்ப வேண்டும், உப்பவில்லை. பஸ்ஸை நிறுத்த வேண்டும், கை பாதியிலேயே வளைந்து, கதிரைப் பிடிக்கிற மாதிரி இறங்கியது. வலது காலை வைத்தார். ஞானசிகாமணியின் சிரிப்பு தயாராக வாய்வரைக்கும் வந்து, வெளியே வர வழி தெரியாமல் நின்றது.

"இடது கால்ணே" என்றாள் ரமாமணி. புடவை விளிம்புக்குக் கீழே அவள் இடது பாதம் முன்னால் வந்து, தரையை ஒரு தடவை தட்டிவிட்டு நின்றது. "இடது கால்தான் முதல்ல வரணும்."

டீச்சர் அவளையும் டிவியையும் மாறி மாறிப் பார்த்தார். குலசேகரன் தன் கண்ணாடியைக் கழற்றி, துடைக்காமல், கையிலேயே வைத்திருந்தார். அம்பலவாணன் காலை மாற்றி இடதை எடுத்து வைத்தார். ஒரு தாளம் பிந்திவிட்டது.

"ம்" என்றாள் ரமாமணி. "மறுபடி."